கடைமடைக்கு வராத சமத்துவம்

எங்கள் குளத்தில் சிறுபோகத் தண்ணீரை முதலில் திறப்பவன் கடைமடைக்காரன். புதுக்குடியிருப்புக்குத் தெற்கே காட்டோரமாகக் கிடக்கும் இச்சிறு குளத்தின் கீழ் நெல் விதைக்கும் எவரும் இதை எழுதிவைத்ததில்லை. எழுதிவைக்கும் தேவையும் வந்ததில்லை. மாரி நீர் வற்றத் தொடங்கிக் கோடை முன்னே நிற்கும் நாளில் குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கிப் படைப்போம். படைத்து முடிந்ததும், வாய்க்காலின் அந்தத்தில் எவனுடைய வயல் கிடக்கிறதோ அவன் துருசடிக்கு வருவான். குளத்து நீரை மறித்து நிற்கும் துருசுக் கதவின் சில்லை அவனே திருப்புவான். நீர் வாய்க்காலில் இறங்கியதும் அதன் கூடவே நடப்பான். மேலே வயல் உள்ளவர்கள் தத்தம் வரம்பில் மண்வெட்டியோடு நிற்பார்களே அன்றி, வயலுக்கு நீர் புகும் வாயாகிய வக்கடையை வெட்டமாட்டார்கள். நீர் தன் வயலைத் தொட்டதும் அவன் கூவுவான். அந்தக் கூவலை வரம்புக்கு வரம்பு மற்றவர்கள் வாங்கிக் கட்டுவரை கொண்டுவருவார்கள். அதன் பின்னரே மேல்மடை நனையும்.

கோடைப் பயிரான சிறுபோகத்தில் நீர் குறைவு. மேலே இருப்பவன் இரவில் ஒரு கை மண்ணை இடம் மாற்றினால் கீழே இருப்பவனுக்கு ஒரு போகம் போய்விடும். ஆகவே கடைசியில் இருப்பவனை முதலில் நிறுத்திவைத்தார்கள் எங்களுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள். ஏழைக்காக ஆட்சி நடத்துவதாகச் சொல்லும் எவரிடமும் இதைவிட மேலான ஓர் ஏற்பாட்டை நான் இன்றுவரை கேட்டதில்லை.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்தோடு சிறு வயதில் இங்கே வந்தவன். என் தகப்பனார் இந்தப் பிள்ளையாரின் முன் பதிகம் ஓதினார். அவருக்குப் பின் நான் ஓதிவருகிறேன். நாள்தோறும் ஓதுகிறவனுக்குச் சொல்லின் மேல் ஒரு கூச்சம் வந்துவிடும். சந்நிதியில் நின்று 'நான் எளியேன்' என்று கசிந்து சொல்லிவிட்டு வெளியே வந்து ஊரை ஏய்ப்பவனுடைய நாவு, எச்சில் இலையைக் கழுவி மறுபடியும் படையலுக்கு விரிப்பவனுடைய கையை ஒத்தது. இன்றைய அரசின் மேல் எனக்கு உண்டாகியிருக்கும் அருவருப்பைக் கட்சி அரசியல் என்று எவரும் கொள்ளவேண்டாம். எனக்குக் கட்சி இல்லை. எச்சில் இலையை எச்சில் இலை என்று சொல்கிறேன், அவ்வளவே.

எங்கள் கடைமடை ஒரு முஸ்லிம் குடும்பத்தினுடையது. நான் இளைஞனாக இருந்த காலத்தில் அக்குடும்பத்துப் பெரியவரே துருசைத் திறந்தவர். பொங்கல் நடக்கும்போது அவர் கட்டின் சரிவில் ஒரு பாலை மரத்தடியில் தொப்பியோடு நிற்பார். படைத்த பொங்கலை அவர் உண்ணமாட்டார் என்பது ஊருக்குத் தெரியும். ஆகவே படைப்பதற்கு முன்னரே பச்சையரிசியும் தேங்காயும் பழமும் அவருடைய பங்காக எடுத்து வைக்கப்படும். அவருடைய மார்க்கத்துக்கும் குறைவில்லை, எங்கள் வழிபாட்டுக்கும் குறைவில்லை. 'மத நல்லிணக்கம்' என்று எவரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. அப்படிப் பெயர் வைத்துப் பதாகை கட்டுகிறவர்கள் அக்காலத்தில் எங்கள் பக்கம் வந்ததுமில்லை.

பிறகு எங்கள் பெயரால் துவக்கு ஏந்தியவர்கள் அவர்களை ஒரு பகலுக்குள் வெளியேற்றினார்கள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் தூக்கிக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். பின்னர் போர் எங்களையும் ஓட வைத்தது. நாங்கள் திரும்பி வந்தபோது குளக்கட்டு உடைந்து, கடைமடையில் ஆளுயரத்துக்குப் பற்றை மண்டியிருந்தது. நாங்கள் எங்கள் வயல்களைத் திருத்துவதில் மூழ்கியிருந்த நாளில் அரசின் வன இலாகாவான காட்டுக் கந்தோர்க்காரர் வந்து அந்தப் பற்றையின் ஓரம் நெடுக எல்லைக் கல் நட்டு மஞ்சள் பூசிப் போனார்கள். அன்றிலிருந்து கடைமடை காடு.

அந்தப் பெரியவரின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் மனைவியோடு திரும்பி வந்தார். புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, தலை நரைத்து வந்தவர். ஊரில் எல்லோரும் அவரை, அண்ணன் என்ற முறையில், நானா என்பார்கள். என்னிலும் இளையவராயினும் அந்த முறையே என் வாயிலும் ஏறிவிட்டது. வாய்க்கால் ஓரம் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டார். முதல் நாளே என்னிடம் வந்து சொன்னார்:

"ஐயா, எனக்கு வீடும் வேண்டாம், நட்டஈடும் வேண்டாம். வாப்பா விதைச்ச நிலத்தில, இது என்ர நிலம் எண்டு சொல்லி ஒரு போகம் விதைச்சிட்டு மவுத்தாகவேணும். அதுக்குத்தான் வந்தனான்."

கல்லுக்கு அப்பால் கால் வைக்க அவருக்கு அனுமதி இல்லை. ஆயினும் ஒவ்வொரு சிறுபோகமும் துருசை அவரே திறந்தார். நீரோடு நடந்து சென்று, மஞ்சள் கல்லடியில் நின்று கூவினார். மேல்மடைக்காரன் ஒருவன் பகிடி விட்டான்:

"நானா, கல்லுக்கோ தண்ணி பாய்ச்சிறியள்?"

"ஓமடா. முளைச்சா உனக்கும் ஒரு கல்லுத் தாறன்."

சிரித்தார்கள்; ஆனால் அவர் கூவும்வரை ஒருவரும் வக்கடையை வெட்டவில்லை. அந்த நிலத்துக்கு ஒரு சொந்தக்காரன் உண்டென்று ஊர் ஆண்டுதோறும் வாயால் ஒப்புக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

இப்போதைய ஆட்சி வந்தபோது நானாவைவிட மகிழ்ந்தவர் எவரும் இல்லை. உழைக்கிறவனின் ஆட்சி, பிடித்த காணியெல்லாம் உரியவனுக்கே, இனி இனமும் மதமும் பார்க்க மாட்டோம் என்று அவர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். எங்கள் பகுதிக்கு அவர்களின் அமைப்பாளராக வந்தவர், புதுக்குடியிருப்பில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் டியூஷன் கொடுக்கும் ஒரு மாஸ்டர். எவரைக் கண்டாலும் 'தோழர்' என்பார். நான் ஓதும் பாடல்களில் தோழமை பெரிய சொல். இறைவனோடு உரிமையாகப் பிணங்கி, வைது, பின் அவனிடமே போய் நிற்கும் அன்புக்கு அப்பெயர். மாஸ்டரின் வாயில் அது பஸ் நடத்துநர் ரிக்கற் கிழிப்பதுபோல ஆளுக்கு ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது.

சென்ற சிறுபோகத்துக்கு முன், வயல் செய்வோர் எல்லோரும் சேரும் கமக்காரர் கூட்டம் கூடியபோது மாஸ்டரும் வந்திருந்தார். பிரதி அமைச்சர் ஒருவர் பொங்கலுக்கு வர இசைந்திருப்பதாகவும், துருசை அவர் கையால் திறப்பிக்கலாம் என்றும் சொன்னார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. கமக்காரர் அமைப்பின் தலைவர் மேல்மடையில் பெரிய வயல்காரர். அவர் தொண்டையைச் செருமினார்.

"வாற விருந்தாளிக்கு முதல் மரியாதை குடுக்கிறதில என்ன பிழை? குளத்துக்கு வெட்டுவேலை வரும், கட்டுக்குக் கல்லு வரும்."

"அது கடைமடையின்ர உரிமை எல்லோ?" என்றேன்.

"ஐயா, நானா ஓம் எண்டாச் சரிதானே. நானா, என்ன சொல்லுறியள்?"

எல்லோர் முகமும் அவர் பக்கம் திரும்பியது. ஊர் முழுவதும் பார்த்திருக்க, வரப்போகும் விருந்தினனுக்கு ஒன்றை இல்லையென்று சொல்ல இந்த வன்னியில் எவனுக்கும் வாய் வராது. அதை நன்கறிந்தே அப்படிக் கேட்டார்கள். மாஸ்டர் மெல்ல அவர் தோளில் கை வைத்து, "தோழர், அவர் நேர வந்து நிக்கேக்க உங்கட காணிக் கதையையும் காதில போடலாம்" என்றார்.

"ஓம், ஓம். திறக்கட்டும். மந்திரி திறந்தாலும் தண்ணி கீழதானே ஓடும்," என்றார் நானா. கூட்டம் சிரித்துக் கலைந்தது.

பொங்கல் நாளில் விடியவே அடுப்பு மூட்டினோம். பால் பொங்கி வழிய வேண்டிய வேளையில் மாஸ்டர் ஓடிவந்து, வாகனங்கள் ஓமந்தை தாண்டிவிட்டன, கொஞ்சம் பொறுங்கள் என்றார். விறகை இழுத்து நெருப்பைத் தணித்தார்கள். வெயில் ஏறியது. அடுப்படியில் புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்:

"மந்திரி வந்துதான் அரிசி வேகவேணுமோ? பிள்ளையாருக்குப் பசிக்காதோ?"

"பிள்ளையாருக்கு வோட்டில்லையடி," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பிரதி அமைச்சர் வந்த பின்னரே பொங்கிப் படைத்தோம். சாதாரண பருத்திச் சட்டை, தோல் செருப்பு. கதிரை போட்டிருந்தும் அதை ஒதுக்கிவிட்டு மண்ணில் சம்மணம் கொட்டி இருந்தார். தாமரை இலையில் கையால் அள்ளிச் சாப்பிட்டார். கூட்டம் உருகிப்போயிற்று. எத்தனையோ ஆட்சியில் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளை வேட்டியுமாக வந்தவர்களைக் கண்டு வெறுத்த சனம், மண்ணில் இருந்தவனைத் தன்னவன் என்று நம்பிவிட்டது. எங்கள் பிழை அங்கேதான். வணக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். தாழ்ந்து வருகிறவனைக் கண்டால் அவன் எதற்காகத் தாழ்கிறான் என்று கேட்க எங்களுக்குத் தோன்றுவதில்லை.

நான் பதிகத்தைத் தொடங்கி இரண்டாம் பாட்டில் இருந்தபோது மாஸ்டர் என் காதருகே குனிந்தார்.

"ஐயா, ஒரு பாட்டோட முடியுங்கோ. தோழருக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கு."

நான் நிறுத்தவில்லை. பத்தையும் ஓதி முடித்தேன். அவர்கள் நடுவிலேயே எழுந்து துருசடிக்குப் போய்விட்டார்கள். பதிகத்தின் கடைசி அடியைப் பிள்ளையாரும், அடுப்பைக் காத்து நின்ற இரண்டு பெண்களும், ஒரு நாயும் கேட்டன.

துருசடியில் பிரதி அமைச்சர் சில்லைப் பிடித்தபடி சிங்களத்தில் பேசினார். ஒருவர் தமிழில் சொன்னார். இந்தக் குளத்தில் கடைமடைக்காரன் முதலில் திறப்பான் என்று கேள்விப்பட்டேன், நல்ல வழக்கம், ஆனால் எங்கள் ஆட்சியில் மேல்மடையும் இல்லை, கடைமடையும் இல்லை, எல்லோரும் சமம், இன்று நான் திறப்பது எல்லோருடைய கையாகவும் திறப்பது. கைதட்டல் குளத்துக்கு அக்கரையில் நின்ற கொக்குகளைக் கிளப்பியது. மேல்மடைக்காரர்களே உரக்கத் தட்டினார்கள் என்பதை நான் கண்டேன்.

நீர் பாய்ந்தது. நானா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலோடு நடக்க அடி எடுத்தார். மாஸ்டர் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நானா, எங்க போறியள்? தோழரோட ஒரு படம். தொப்பியைச் சரியாப் போடுங்கோ, முன்னுக்கு வாங்கோ."

தொப்பி போட்ட ஒருவர் படத்தில் தேவைப்பட்டார். இனமும் மதமும் பாராத அரசு அந்த ஒரு கணத்தில் மட்டும் இரண்டையும் நன்றாகப் பார்த்தது. அமைச்சர் நானாவின் கையைப் பற்றிக் குலுக்கி, காணி விடயம் தெரியும், விரைவில் நல்ல முடிவு வரும் என்று சிரித்தார். படம் எடுத்து முடிந்து அவரை விட்டபோது நீர் வெகுதூரம் போய்விட்டது. கூட நடக்க எவரும் இல்லை. கூவ எவரும் இல்லை. எவரும் கூவாதபோது எவரும் காத்திருக்கவும் இல்லை. நண்பகலுக்குள் மேல்மடை முழுவதும் வக்கடை வெட்டியாகிவிட்டது. கல்லடிக்கு அன்று வந்தது ஈரம் மட்டும்.

மாலையில் நான் தலைவரிடம் கேட்டேன். "மந்திரியே சொல்லிப்போட்டார் ஐயா, இனிக் கடைமடை எண்டு ஒண்டு இல்லையாம்," என்றார். வெற்றிலைச் சிவப்பு வாயில் ஒரு சிரிப்பு.  அந்தச் சமத்துவம் எவருக்குச் சுவையாக இருந்தது என்பதை அந்த வாய் சொல்லிற்று. மேலே இருப்பவனையும் கீழே இருப்பவனையும் ஒரே சொல்லால் தட்டி மட்டமாக்கினால், நீர் இறங்கும் இடத்தில் இருப்பவனே கொழுப்பான். கடைசியானவனை முதலில் நிறுத்துவதுதான் நீதி. அவனையும் மற்றவரையும் சமம் என்று அறிவித்துவிட்டுக் காரில் ஏறிப் போவது நீதியின் தோலைப் போர்த்த சோம்பல். சில வேளைகளில் சோம்பலைவிடக் கேடானது.

ஆனி மாதத்தில் காட்டுக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். அரசு வாக்களித்த நல்ல முடிவின் முதற்படி இது என்று மாஸ்டரும் கூட வந்தார். நானாவும் தலைவரும் நானும் அவர்களோடு மஞ்சள் கல்லடியில் நின்று பேசினோம். இளைத்த, களைத்த மனிதர் அந்த அதிகாரி. எங்கள் மேல் பகையும் இல்லை, அன்பும் இல்லை.

"இவற்ற குடும்பம்தான் இங்க விதைச்சது எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்.

"காணி உறுதி எல்லாம் துரத்தின அண்டைக்கு வீட்டோட விட்டது, பிறகு எரிஞ்சு போச்சு," என்றார் நானா.

நான் முன்னே வந்தேன். "ஊர் சாட்சி. இந்தக் குளத்தில கடைமடைக்காரன்தான் துருசு திறக்கிறது. இவற்ற தகப்பன் திறந்தவர். அவருக்குப் பிறகு இவர் திறக்கிறவர். அதுக்கு மிஞ்சி என்ன ஆதாரம் வேணும்?"

அதிகாரி இதை ஆர்வத்தோடு கேட்டார்.  பின்பு சாதாரணமாகவே கேட்டார்:

"அப்ப இந்த வருஷம் ஆர் திறந்தது?"

 தலைவர் தன் செருப்பைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். நடந்த ஒவ்வொன்றையும் அறிந்தவர்; நானாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தியவர். ஒரு சொல் போதும்: விருந்தினருக்காக நானாவே விட்டுக்கொடுத்தார் என்று. அவர் சொன்னார்: "இந்த வருஷம் மக்கள் பிரதிநிதி திறந்தவர், சேர். ஊர் ஏகமனதா எடுத்த முடிவு."

"கடைமடைக்குச் சொந்தக்காரர் இருந்திருந்தால் அவரெல்லோ திறந்திருப்பார்?" என்றார் அதிகாரி. அவர் ஏளனம் செய்யவில்லை. நான் சொன்ன வழக்கத்தை எனக்கே திருப்பித் தந்தார். எங்கள் ஊர் விருந்தோம்பலென்று செய்தது, எங்கள் ஊர் வழக்கின்படியே, கடைமடைக்கு ஆளில்லை என்று நாங்களே கொடுத்த வாக்குமூலமாக நின்றது.

அவர் ஒரு வழி சொன்னார். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் அனுமதி ஒன்று தரலாம். விதைக்கலாம், கட்டடம் கட்டக்கூடாது, மரம் நாட்டக்கூடாது, பிள்ளைகளுக்கு மாற்றக்கூடாது. நிலம் காடு என்று ஒப்புக்கொண்டு கையொப்பம் வைக்கவேண்டும்.

"இதுதான் நானா நாங்கள் சொன்ன நல்ல முடிவு!" என்றார் மாஸ்டர். "வேற அரசாங்கம் எண்டா இதுவும் கிடையாது. இதில தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு பாக்கேல்ல. நாடு முழுக்க எல்லாருக்கும் ஒரே விதி."

நானா அவரை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே விதியோ தம்பி? எங்களை முஸ்லிம் எண்டு பாத்துத்தானே துரத்தினவை. துரத்தேக்க பாத்தவை, திருப்பித் தரேக்க மட்டும் ஏன் பாக்கக்கூடாது?"

 அதிகாரி தன் ஜீப்பை நோக்கி நடந்தார்.

அன்று நான் மாஸ்டரை விடவில்லை. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் குளக்கட்டால் நடக்க, கூடவே நடந்து கேட்டேன்: ஏன் வாய் திறக்கவில்லை? முதலில் சுற்றி வளைத்தார். பிறகு, வயோதிபனான எனக்குச் சொன்னால் எங்கே போகப்போகிறது என்று எண்ணினாரோ என்னவோ, வெளிப்படையாகவே பேசினார்.

"ஐயா, நீங்கள் படிச்ச மனுசன், விளங்கும். காட்டை விட்டுக் குடுத்தம் எண்டு தெற்கில சிங்களச் சனத்திட்ட கதை போனா, எங்களுக்கு வோட்டுப் போட்ட சனமே கிழிச்சுப்போடும். இங்கால தமிழ்ச் சனத்தின்ர காணியை வைச்சுக்கொண்டு முஸ்லிமுக்கு முதல் குடுத்தா இவையள் விடுவினமோ? பிரதேச சபையை நாங்கள் பிடிக்கவேணும். இந்த வட்டாரத்தில நானா வீட்டில எத்தினை வோட்டு? அவரும் மனுசியும்."

"அப்ப சமத்துவம்?"

"அது கொள்கை ஐயா. இது நடைமுறை. முதல் அதிகாரத்தில உறுதியா இருக்கவேணும், பிறகு எல்லாம் செய்யலாம்."

அவர் இளைஞர், கெட்டவரென்று நான் சொல்லமாட்டேன். சொன்னதை உண்மையாகவே நம்பினார். அதுவே என்னை அதிகம் அருவருக்க வைத்தது. முன்பு எங்களை ஆண்டவர்கள் எங்களை வெறுத்தார்கள். அந்த வெறுப்புக்கு ஒரு முகம் இருந்தது, எதிர்த்து நிற்க முடிந்தது. இவர்கள் எங்களை நேசிப்பதாகச் சொல்கிறார்கள். இடப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்து, ஆசனம் கண்டதும் அதன் நடுவில் நகர்ந்து இருந்துகொண்டு, அங்கிருந்து வலப் பக்கத்தானுக்கும் ஒரு புன்னகை அனுப்புகிறார்கள். கல்லை நட்டது பழைய அரசு; கல்லைக் காப்பது இந்த அரசு. இடையில் மாறியது பேச்சு மட்டும். இனம் இல்லை என்பது உயர்ந்த ஞானம். எல்லாம் ஒன்று என்று உணர்ந்தவர்கள் அதைச் சொல்ல, தலைமுறைகள் கண்ணீரோடு கேட்டிருக்கின்றன. அதே வாக்கை, ஒருவனுக்குச் செய்த அநீதியைக் காணாதிருப்பதற்குக் கண்கட்டுத் துணியாக எடுத்துக்கொள்வது, கோயில் திரைச்சீலையைக் கிழித்துக் கால் துடைப்பதாகும்.

நானா கையொப்பம் வைக்கவில்லை. நான் என் வயலில் ஒரு துண்டை அவ்வருட மாரிப் பயிரான காலபோகத்துக்கு எடுத்து விதைக்கும்படி சொன்னேன். கொட்டில் வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, கொக்கிளாயிலிருந்து வந்த மீன், எனக்கும் ஒரு பங்கு கொண்டுபோகவேண்டும் என்று பேச்சை மாற்றப் பார்த்தார். நானா மாற்ற விடவில்லை.

"உங்கட மனசு தெரியும் ஐயா. ஆனா உங்கட வயலில நான் விதைச்சா, என்ர வயல் காடு எண்டு நானே ஒத்துக்கொண்டதாப் போயிடும். அவையள் கையெழுத்துக் கேட்டவை. இது கையெழுத்தில்லாத கையெழுத்து."

"சாகுமட்டும் இப்பிடியே வீம்பு," என்றார் மனைவி, செதிலை வழித்துக்கொண்டு. "புத்தளத்தில பிள்ளையள் நிம்மதியாச் சோறு தருங்கள். இந்த மனுசனுக்குக் கல்லோட குடித்தனம்."

ஆவணியில் அவர் கல்லைக் கடந்தார். தனியாகக் கத்தியும் மண்வெட்டியும் கொண்டு பகல் வெளிச்சத்தில், எவரும் பார்க்கும்படி, பற்றையை வெட்டினார். பெருமரம் எதையும் தொடவில்லை. பற்றைக்குக் கீழே பழைய வரம்புகள் அப்படியே கிடந்தன. தகப்பன் கட்டிய வரம்பு என்று சொல்லி ஒவ்வொன்றாக மண் அணைத்து உயர்த்தினார். மழைக்கு முன் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்து மூடிவிடுவது எங்கள் பக்கத்து முறை. மாரி வந்ததும் அது தானாகத் தலை காட்டும். அப்படியே விதைத்தார். விதைத்து முடித்த மறுநாள் ஜீப் வந்தது. காட்டை அழித்த குற்றத்துக்காக அவரைக் கொண்டுபோனார்கள்.

நீதிமன்றத்தில் அவருக்குச் சரீரப் பிணை நிற்க நான் போனேன். விபூதி பூசிய ஒருவன் தொப்பி போட்டவருக்குப் பிணை நிற்பதை எழுதுவினைஞர் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். வழக்குக் கூப்பிடும்போது முறைப்பாட்டாளர் பக்கத்தில் இருந்தது அரசு. மண்ணில் இருந்து பொங்கல் உண்டு, இவருடைய கையைப் பற்றிக் குலுக்கிய அதே அரசு. எனக்கு அந்த மண்டபத்தின் காற்றே எச்சில் வாடை அடித்தது.

சட்டத்தரணி ஓர் இளம் பெண், நல்லவர். வெளியே விறாந்தையில் நானாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"குற்றத்தை ஒப்புக்கொண்டால் இண்டைக்கே முடியும், நானா. சின்னத் தண்டம். வயசையும் பாப்பினம்."

"ஒப்புக்கொண்டா அது காடு எண்டாகுமோ, பிள்ளை?"

"ஓம். அப்பிடித்தான் ஆகும்."

"ஒப்புக்கொள்ளாட்டி?"

"வழக்கு இழுபடும். தோத்தா மறியல் வீட்டுக்கும் போகவேண்டி வரலாம்."

"இழுபடட்டும். என்ர வயலை நான் திருத்தினது குற்றமெண்டு என்ர வாயால வராது."

கூண்டில் நின்று, குற்றவாளி இல்லை என்றார். வழக்குத் தவணை போடப்பட்டது. பஸ்ஸில் திரும்பும்போது நானா வெளியே வானத்தைப் பார்த்து, "தவணைக்கு முன்னம் மழை வந்திடும் ஐயா," என்றார்.  எனக்கு அவருடைய நம்பிக்கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஐப்பசி முதல் வாரத்தில் மழை பிடித்தது. விட்ட ஒரு காலையில் குடையோடு கடைமடைக்குப் போனேன். கல்லுக்கு அப்பால் நெல் முளைத்திருந்தது. சில இடத்தில் அடர்த்தி, சில இடத்தில் வெறுமை, நடுநடுவே வெட்டிய பற்றையின் துளிரும் கூட. ஆனால் நெல். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் ஜீப் வந்தது. அதே அதிகாரி, கூடவே மாஸ்டர். பயிரைக் கண்டு மாஸ்டரின் முகம் மலர்ந்தது. புது யோசனை ஒன்றோடு வந்திருந்தார்.

"நானா, இப்ப நல்ல சந்தர்ப்பம். அந்த அனுமதியில இண்டைக்குக் கையெழுத்து வையுங்கோ. பழைய திகதி போட்டு எடுக்கலாம் எண்டு மேலிடத்தில கதைச்சிருக்கிறன். வழக்கையும் மீளப் பெறுவினம். பயிரும் உங்களுக்கு. சபைத் தேர்தலுக்கு முன்னம் இப்பிடி ஒரு நல்ல செய்தி எல்லாருக்கும் நல்லது, தோழர்."

"எங்களில ஆருக்கு நல்லது?" என்றேன் நான்.

அவர் என்னைக் கேளாதவர்போல நானாவை நோக்கிக் காகிதத்தை நீட்டியபடி முன்னே வந்தார். அதிகாரியும் அவர் பின்னே வந்தார். சப்பாத்துகள் சேற்றில் புதைந்தன. நானா களையை ஒரு கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். காகிதத்தைப் பார்க்கவில்லை, அவர்களுடைய கால்களைப் பார்த்தார்.

"அதில நிக்காதையுங்கோ தம்பி. பயிர் மிதிபடுது. வரம்பால வாங்கோ."

கடுமையாகச் சொல்லவில்லை, எந்தக் கமக்காரனும் தன் வயலுக்குள் வழி தெரியாமல் இறங்கியவனுக்குச் சொல்லும் குரல். இருவரும் சட்டென்று கீழே பார்த்தார்கள். மாஸ்டர், "மன்னிக்கவேணும் நானா," என்றார். அதிகாரி காலை மெல்ல உருவி எடுத்து, முளை நசியாத இடம் பார்த்து அடி வைத்தார். பின்பு இருவரும், ஒருவர் பின் ஒருவராக, அவருடைய வரம்பில் ஏறி நின்றார்கள்.